கூரை கேட்ட விலை

வலது கையில் முள்காய்ச் சட்டம். இடது கை ஈரத்துணியைச் சாய்வுப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. சட்டத்தில் வரிசையாகச் செருகியிருந்த காய்ந்த முள்காய்களின் வளைந்த நுனிகள் துணியின் மேல் இறங்கி, மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் இழுபட்டன. கொஞ்சம் அழுத்தினால் இழை அறுந்துவிடும். கொஞ்சம் தயங்கினால் கம்பளி அசையாது. அந்தக் கைகள் அழுத்தவும் இல்லை, தயங்கவும் இல்லை. பத்து இழுப்புக்கு ஒருமுறை நின்று, முள்ளில் சிக்கிய பிசிறை நீக்கிவிட்டு, புறங்கையால் துணியைத் தடவிப் பார்த்தன. உள்ளங்கை எப்போதோ தடித்துப்போய்விட்டது. நுட்பமான காரியத்துக்குப் புறங்கைதான் உதவும். இழைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்த கம்பளி மெல்ல எழுந்து, மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல் போலத் துணி முழுக்கச் சீராகப் படர்ந்தது. ஒன்றரைச் சாண் அகலம், மூன்று சாண் நீளம். இது நாற்பத்தெட்டாவது துண்டு.

கைகள் ஹெஸ்டர் ஹெலிவெல்லுடையவை. வயது ஐம்பத்து மூன்று. கெல்பிரிட்ஜ் ஊரில் முடிச்செடுக்கும் பெண்களில் அவளுக்கு மேல் ஒருத்தி கிடையாது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பலகையில் இழுத்துவிட்டு, நூல் முடிச்சு, வைக்கோல் துணுக்கு, ஆட்டின் மேலிருந்து வந்த முள் என்று எல்லாவற்றையும் சின்ன இரும்பு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது அவள் தொழில். இப்படி முள்காயால் சீவித் துணியின் மேல் பூமயிர் எழுப்புவது அவள் வேலையே அல்ல. அது முள்காய் பிடிக்கும் ஆண்களின் வேலை. அவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு, தனிக் கோபமும் உண்டு. அப்படியிருக்க, இந்த ஐந்து நாளாக அவள் வீடு முழுக்க முள்காய்ப் பொடி பறப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பாலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் அவள் கெல்பிரிட்ஜுக்கு வந்தபோது ஊர் என்பது ஒரே தெரு. மேல்முனையில் தேவாலயம், கீழ்முனையில் கெல் ஆறும் கல்பாலமும். தேவாலய வாசலில் ஓர் ஆப்பிளைக் கடிக்கத் தொடங்கினால் பாலத்துக்கு வரும்போது மிச்சத்தை ஆற்றில் எறியலாம். ஆற்றின் நிறத்தைப் பார்த்தே கிழமை சொல்லிவிடுவார்கள்: சாயக்காரர்கள் திங்களன்று நீலம் அலசுவார்கள், வியாழனன்று சிவப்பு. தெருவுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் கொக்கி அடித்த மரச் சட்டங்கள். இடித்து எடுத்த ஈரத்துணியை அவற்றில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். வெயில் அடிக்கும் நாளில் தூரத்து மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் ஏதோ கல்யாணத்துக்குத் தயாராகிறது என்று தோன்றும்.

சந்தை பாலத்தின் மேல்தான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் தறிக்காரர்கள் ஆளுக்கொரு சுருளைத் தோளிலோ குதிரையிலோ கொண்டுவந்து பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் பாலமுனைச் சத்திரத்தில் ஒரு குவளை பியர், ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, சுட்ட மாட்டிறைச்சி இரண்டு துண்டு. எல்லாம் சேர்த்து இரண்டு பென்னி. இப்போதும் குளிர்ந்த காலைகளில் ஹெஸ்டரின் நாக்கு அந்தக் கஞ்சியைக் கேட்கும். சத்திரம் இருந்த இடத்தில் ஒரு வியாபாரியின் செங்கல் வீடு வந்து பத்து வருஷமாகிறது.

பாலத்துச் சந்தையில் யாரும் வாய்விட்டு விலை பேசக் கூடாது. அது எழுதாத சட்டம். மணி அடித்ததும் வியாபாரி வருவான், சுருளைத் தொட்டுப் பார்ப்பான், குனிந்து தறிக்காரனின் காதில் ஒரு விலையைச் சொல்வான். தறிக்காரன் அவன் காதில் பதில் சொல்வான். படிந்தால் தலையசைப்பு, படியாவிட்டால் அடுத்த சுருள். தோளோடு தோள் நிற்பவனுக்குக்கூட இன்னொருவன் விலை தெரியாது. தெரிந்தால் ஒருவன் விலை இன்னொருவன் விலையை அடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது மணி அடித்துச் சந்தை முடியும். அதற்குள் நாற்பது ஐம்பது சுருள் கைமாறியிருக்கும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு நூறு பேர் ஒருவர் காதில் ஒருவர் பாவமன்னிப்புக் கேட்பது போல இருக்கும். பாலத்தின் தூண்களில் மோதும் ஆற்று நீரின் இரைச்சல் மட்டும் ஓயாது.

ஹெஸ்டரின் கணவன் ஜேபஸ் அப்போது இடி ஆலையில் இருந்தான். நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டு, நீர்ச்சக்கரத்தில் ஓடும் மரச் சம்மட்டிகளால் இரவும் பகலும் இடித்து இறுக்கும் ஆலை. பதினோரு வருஷம் அந்தச் சம்மட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கூலியில் மிச்சம் பிடித்து, சொந்தத் தறி வாங்கிய வருஷத்தில் அவன் காது முழுதாக அடைத்துப்போயிற்று.

“போனா போவுது புள்ள,” என்றான் ஹெஸ்டரிடம். “கண்ணு போயிருந்தா நூலு தெரியாது. காது எதுக்கு? தறிக்கு ஒரே பாட்டுதான், அது எனக்கு மனப்பாடம்.”

தறிக்குக் காது வேண்டாம்தான். சந்தைக்கு வேண்டும் என்பது முதல் செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

அன்று அவன் பக்கத்தில் நின்றவன் ஈலை சக்டன். இருவரும் கொண்டுவந்தது ஒரே ரகச் சாம்பல் நிறத் துணி. கறுப்புக் கோட்டு வியாபாரி ஒருவர் ஜேபஸின் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ஜேபஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எப்படியும் விலைதானே கேட்டிருப்பார்? அவனும் அவர் காதருகே குனிந்து, அவனைப் பொறுத்தவரை மிக ரகசியமாகச் சொன்னான்.

“கெசத்துக்கு மூணு ஷில்லிங் ரெண்டு பென்னி. ஒங்களுக்காக.”

சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். தான் பேசுவதே தனக்குக் கேட்காதவனுக்கு அது எவ்வளவு தூரம் போகிறது என்று எப்படித் தெரியும்? பாலத்தின் மறுகோடியில் நின்ற குதிரைகள் தலையைத் திருப்பின. அந்தச் சமயத்தில் ஈலை தன் துணிக்கு மூன்று ஷில்லிங் எட்டு பென்னி சொல்லி, அவனுடைய வியாபாரியும் தலையசைக்கப் போயிருந்தார். தலை பாதியில் நின்றது. அவர் அங்கிருந்து நகர்ந்தார்.

“அடப்பாவி,” என்றான் ஈலை. “அந்த ஆளு காதுல சொல்லுடான்னா, லண்டன் காதுல சொல்றியே.”

ஜேபஸ் அவன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

“தலைய ஆட்டறான் பாரு. ஏ ஹெஸ்டர், ஒம் புருசனக் கூட்டிட்டுப் போய் ஆலையிலயே கட்டிப்போடு. ஆறு பென்னி போச்சு எனக்கு, கெசத்துக்கு ஆறு பென்னி.”

மூன்று வாரம் ஜேபஸின் இருபுறமும் ஆள் நிற்கவில்லை. வியாபாரிகளும் அவனைத் தாண்டிப் போனார்கள். கொண்டுவந்த சுருளை அவனும் ஹெஸ்டரும் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வழி தேவாலயத்தில் கிடைத்தது. அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் பத்து, பதினொரு தலைப்புகள் இருக்கும். இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஜேபஸ் தெரிந்துகொள்வதற்காக, ஒவ்வொரு தலைப்பும் முடிய முடிய ஹெஸ்டர் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுப்பாள். அது பூமயிர் எழுப்பிய நல்ல கோட்டு. விரல் போன வழியில் மயிர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கோடு தெளிவாகத் தெரியும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போய்விடும். மூன்றாவது வாரம், ஏழாவது தலைப்புக்குக் கோடு இழுத்த ஹெஸ்டர் விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது, ஒன்பதாவது தலைப்புகள் அவள் காதில் விழவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜேபஸின் சுருளின் நுனியில் ஒரு கையகலத்துக்குப் பூமயிர் எழும்பியிருந்தது. நீளக்கோடு ஒரு ஷில்லிங், குட்டைக்கோடு ஒரு பென்னி. வியாபாரி விரலால் கோடு போடுவார், ஜேபஸ் தடவி அழித்துவிட்டுத் தன் பதில்கோடு போடுவான். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவர் துணியைத் தடவிப் பார்ப்பதாகத்தான் தெரியும். கிசுகிசுப்பாவது காற்று வாக்கில் ஒருநாள் அடுத்தவன் காதுக்குப் போகக்கூடும். இது எங்கும் போகாது. ஆறு மாதத்தில் பெரிய வியாபாரிகள் ஜேபஸிடம் முதலில் வர ஆரம்பித்தார்கள்.

“இந்தப் பாலத்துலயே ரகசியமான யாவாரம் செவிடன் யாவாரம்தான்,” என்று ஈலையே ஒருநாள் சொன்னான். அப்போது அவன் மறுபடியும் ஜேபஸின் பக்கத்தில் நிற்கத் தொடங்கியிருந்தான்.

இருபத்தோரு வருஷம் இப்படி ஓடியது. அவற்றில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எதைக் கேட்பது என்று ஹெஸ்டருக்குத் தெரியாது. பனி விழுந்த கைப்பிடிச் சுவரைத் இடுப்பில் கட்டிய வேலைத்துணியால் துடைத்துவிட்டு ஜேபஸ் சுருளைப் போட்ட நாளா? வெள்ளம் வந்து, பாலம் அதிர்ந்தபோதும் ஒருவரும் இடத்தை விட்டு நகராமல் காதோடு காதாக விலை பேசி முடித்த நாளா? மகள் பிறந்து ஒன்பதாம் நாள் அவளைச் சுருளுக்குப் பக்கத்தில் படுக்கவைக்க, ஒரு வியாபாரி தெரியாமல் அவள் போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நல்ல நெருக்கமான நெசவு என்று தலையாட்டிய நாளா? அந்த மகள் இப்போது ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டு ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கிறாள்.

படகு வந்ததிலிருந்துதான் எல்லாம் மாறியது. ஆற்றை ஆழப்படுத்திக் கதவணைகள் கட்டியதும் துணி நேராகக் கடலுக்குப் போயிற்று. ஹாலந்திலிருந்து வியாபாரிகளின் ஆட்கள் வந்தார்கள். சரிவில் துணி காயவைத்த சட்டங்கள் போய் வீடுகள் எழுந்தன. அந்தத் தெருக்களின் பெயரில் மட்டும் கொக்கிச் சட்டங்கள் மிஞ்சின. ஒரே தெருவுக்குக் குறுக்கே இன்னொரு தெரு, அதற்குப் பின்னால் நான்கு. தேவாலயத்திலிருந்து பாலத்துக்கு இரண்டு ஆப்பிள் போதாது. பாலத்தில் வண்டிகளின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு செவ்வாயன்று நிலக்கரி வண்டி ஒன்று ஓரமாக ஒதுங்கப்போய் ஆறு சுருளை ஆற்றில் தள்ளிவிட்டது. அதோடு வியாபாரிகள் கூடித் துணி மண்டபம் கட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

மண்டபம் அழகாகத்தான் வந்தது. வெட்டிய கல், வளைந்த கூரை, இரண்டு பக்கமும் தூண்கள், தறிக்காரர்கள் சுருள் போட நாற்பத்தெட்டுப் பலகைகள். ஜேபஸுக்கு இருபத்து மூன்றாம் பலகை. ஈலைக்கு இருபத்து நான்கு. காரியஸ்தராக ஓல்ட்ராய்டு என்பவரை நியமித்தார்கள். அவரும் பாலத்தில் நின்ற தறிக்காரரின் பிள்ளைதான். வியாபாரியாகித் தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். திறப்புக்குப் பத்து நாள் முன்பு அவர் தேவாலய வாசலில் நின்று விதிகளைப் படித்தார். ஆறாவது விதியைக் கேட்டதும் ஹெஸ்டரின் கை தானாக ஜேபஸின் கையைப் பிடித்தது. மண்டபத்தில் விற்பனைக்கு வைக்கும் துணியில் ஒரு விரல்கடை அளவுகூடப் பூமயிர் எழுப்பியிருக்கக் கூடாது.

மறுநாளே அவள் ஓல்ட்ராய்டு வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, கையகலத்துக்குத்தான் அவரு எழுப்பறாரு. அது இல்லாம அவரால வெல பேச முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்களே கோடு போட்டு வாங்கியிருக்கீங்களே.”

“வாங்கியிருக்கேன். இல்லேன்னு சொல்லல. ஆனா பூமயிர் கீழ இருக்கற கொறைய மறைக்கும், ஹெஸ்டர். வெளியூர்க்காரன் வாங்கிட்டுப் போய் அடியில ஓட்டைய பாத்தா மண்டபத்துக்குத்தான் கெட்ட பேரு.”

“கொறையா? நான் முடிச்செடுத்த துணியிலயா?”

“ஒன்னச் சொல்லல. விதி எல்லாருக்கும் ஒண்ணு. ஜேபஸுக்குன்னு ஒண்ணு எழுதினா நாளைக்கி முள்காய்ச் சங்கத்துக்காரன் வந்து நிப்பான்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க தறிக்கூடத்துல எடம் இருக்கு. ஜேபஸ் வந்து நெய்யட்டும். நூல் என்னுது, தறி என்னுது. வெல பேசற தொல்லையே கெடையாது. வாராவாரம் கூலி.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் அவளால் திட்டக்கூட முடியவில்லை.

வீட்டில் ஜேபஸ் அவள் உதடுகளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். எழுந்து போய்த் தறியின் முன்கட்டையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றான். அந்தக் கட்டை அவன் வயிறு பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது.

“இருவத்தோரு வருசம் எஞ் சுருள்ல எம் பேரு இருந்துச்சு,” என்றான். அவன் மெல்லப் பேசியதாக நினைத்தது பக்கத்து வீட்டில் கேட்டது. “இனிமே அவரு பேரு இருக்கும். அவ்வளவுதான? நெய்யிற கை இதேதான?”

“மொதச் சந்தைக்குப் போவோம்,” என்றாள் ஹெஸ்டர். “ஒரு தடவ நின்னு பாப்போம். விக்கலேன்னா அடுத்த வாரம் அங்க போ.”

“காது வந்துருமாக்கும் அதுக்குள்ள?”

“வராது. ஆனா சும்மா வுட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல.”

திறப்பு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. பெண்கள் வாசல் பக்கத் தடுப்புக்கு வெளியே நின்றார்கள். ஈலையின் மனைவி டார்கஸ் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கூரையப் பாரு,” என்றாள். “சொர்க்கமே இவ்வளவு உயரமா இருக்காது. எம் புருசன் தொப்பியக் கழட்டலாமா வேண்டாமான்னு முழிக்கிறான்.”

மணி அடித்தது. வியாபாரிகள் உள்ளே வந்தார்கள். மண்டபம் அமைதியானது. பாலத்தில் எப்போதும் இருந்த அமைதி அல்ல இது. அங்கே கீழே ஆறு இருந்தது. இங்கே ஒருவர் தும்மலை அடக்குவதுகூடக் கேட்டது.

நாலாம் பலகையில் ஒரு வியாபாரி அங்கே நின்ற தறிக்காரனின் காதில் குனிந்தார்.

“மூன்று ஷில்லிங் ஒரு பென்னி,” என்றது கூரை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிசுகிசுப்பு கல் வளைவில் ஏறி, மண்டபத்தின் மறுகோடியில் முப்பதாம் பலகைக்கு மேல் வந்து இறங்கியது. அங்கே நின்றவன் யாரோ தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, “கட்டாதுங்க,” என்றான். அதுவும் கூரையில் ஏறி நாலாம் பலகைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பன்னிரண்டாம் பலகையில் ஒருவர், மேலங்கியைத் தன் தலைக்கும் தறிக்காரன் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு முயன்றார். அங்கிக்குள்ளிருந்து வந்த எண் இன்னும் தெளிவாகக் கேட்டது. எண்ணைக் கேட்ட பதினாறாம் பலகை வியாபாரி தன் விலையை அப்போதே குறைத்தார். பதினாறாம் பலகைக்காரன் பன்னிரண்டைப் பார்த்து ஏசினான். பன்னிரண்டு திருப்பி ஏசியது. கூரை எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொன்னது.

ஜேபஸுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. நாற்பத்தேழு பேர் ஏன் கூரையைப் பார்க்கிறார்கள், ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்? அவன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஈலையின் பக்கம் சாய்ந்து கேட்டான்.

“யாரு செத்தாங்க?”

கேள்வி மண்டபத்தை மூன்று முறை சுற்றி வந்தது.

“ஒம் புருசன் கேக்கறது நியாயந்தான்,” என்றாள் டார்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஹெஸ்டர் சிரிக்கவில்லை. அவள் தன் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், பாலத்தில் இருந்து இங்கே வராமல் போன அந்த ஒரே ஒரு பொருளை, ஆற்றின் இரைச்சலை.

இரண்டாவது மணி அடித்தபோது ஐந்து சுருள் விற்றிருந்தது. வியாபாரிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அடுத்த ஊர்ச் சந்தைக்கே போய்விடலாம் என்று இரண்டு பேர் வாசலில் வைத்தே பேசிக்கொண்டார்கள். கிசுகிசுத்துச் சொன்னதாகத்தான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஓல்ட்ராய்டு ஹெஸ்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“உள்ள வரலாமா?”

“வாங்கய்யா. தலையக் குனிஞ்சு வாங்க. எங்க கூரை தாழ்வு, ஆனா வாய மூடிட்டு இருக்கும்.”

அவர் உட்கார்ந்தார். பொய்முடியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அதற்கு அடியில் பழைய தறிக்காரன் பிள்ளையின் வழுக்கைத் தலை இருந்தது.

“தச்சனக் கூப்பிட்டுக் கேட்டேன். நூறு சாக்க கூரையிலேர்ந்து தொங்கவுட்டா சத்தம் அடங்கும்ங்கறான். கசாப்புக்கடை மாதிரி இருக்கும்னேன். பாலத்துக்கே திரும்பிப் போலாம்னா வண்டிக்காரங்க வுட மாட்டாங்க. அடுத்த செவ்வாயும் இப்படியே போனா அப்பறம் மண்டபத்துல ஆட்டக் கட்ட வேண்டியதுதான்.”

ஹெஸ்டர் பலகையில் கிடந்த துணிப்பக்கம் திரும்பினாள். இடுக்கியை எடுத்து ஒரு முடிச்சைப் பிடுங்கினாள்.

“நீ என்ன நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியுது,” என்றார் அவர்.

“நான் ஒண்ணும் நெனைக்கலீங்கய்யா. அந்த ஆறாவது விதிய இன்னொரு தரம் சொல்லுங்க.”

“விற்பனைக்கு வைக்கும் துணியில் ஒரு விரல்கடை அளவுகூட...”

“விக்கிற துணியில. சரி. பலகை மேல விரிச்சுப் போடற துணியப் பத்தி ஏதாவது இருக்கா?”

ஓல்ட்ராய்டு விரல்விட்டு விதிகளை எண்ணிப் பார்த்தார்.

“ஒன்றரைச் சாண் அகலத்துல ஒரு விரிப்பு,” என்றாள் அவள். “பலகைக்கு ஒண்ணு. அது விக்கிறதுக்கு இல்ல. அதுல கோடு போட்டு வெல பேசட்டும். அழிச்சுட்டு அடுத்த ஆளு. சுருளு மொட்டையாவே கெடக்கட்டும், கொறை இருந்தா எல்லாரும் பாக்கட்டும்.”

“அதச் செய்யறது யாரு?”

“நான்தான். முள்காய்ச் சங்கத்துக்காரங்க என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அத நீங்க பாத்துக்குங்க. ஆம்பளைக்கிக் குடுக்கற கூலிதான் எனக்கும். அப்பறம் ஜேபஸ் பலகை ஜேபஸுதுதான்.”

“அவ்வளவுதான?”

“இன்னும் ஒண்ணு. நீளக்கோடு, குட்டைக்கோடு எல்லாம் அவரோட கணக்கு. நாப்பத்தேழு பேருக்கும் அவருதான் கத்துக்குடுப்பாரு. யாவாரிங்களுக்கும்.”

“அவன் எப்படிம்மா சொல்லிக்குடுப்பான்?”

“சொல்ல வேண்டியதே இல்லீங்களேய்யா.”

அப்படித்தான் அந்த ஐந்து நாள் தொடங்கியது. டார்கஸ் துணியை அளந்து வெட்டி நனைத்துக் கொடுத்தாள். ஹெஸ்டர் முள்காய்ச் சட்டம் பிடித்தாள். முதல் இரண்டு துண்டுகள் அவளுக்குத் திருப்தியாக வரவில்லை. ஓரத்தில் மயிர் கொஞ்சம் தூக்கலாக நின்றது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றாள் டார்கஸ். ஹெஸ்டர் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். மயிர் தூக்கலாக இருந்தால் குட்டைக்கோடு நீளமாகத் தெரியும், ஒரு பென்னி ஒரு ஷில்லிங் ஆகிவிடும்.

வீட்டின் மறுபாதியில் ஜேபஸ் பாடம் நடத்தினான். ஐந்து ஐந்து பேராக வந்து, முடிந்த துண்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் ஒரு கோடு போடுவான், அவர்கள் விரலை நீட்டிப் பதில் போட வேண்டும். தப்பாகப் போட்டால் புறங்கையில் ஓர் அடி. ஈலைக்கு நாலு அடி விழுந்தது.

“அன்னிக்கிப் போன ஆறு பென்னிக்கு இன்னிக்கும் அடி வாங்கறேன்,” என்றான் ஈலை, கையை உதறிக்கொண்டு. “ஏ செவிடா, மெதுவா.”

ஜேபஸ் அவன் உதட்டைப் படித்துவிட்டு, துணியில் ஆறு குட்டைக்கோடு போட்டு அவன் பக்கம் தள்ளினான். அறை முழுக்கச் சிரித்தது. அந்த ஆறு பென்னியை நினைத்து இருபத்தோரு வருஷமாகச் சிரிக்காத ஈலையும் கடைசியில் சிரித்தான்.

ஹெஸ்டர் சட்டத்தை இழுத்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலத்துக் காலைகளில் மணி அடிப்பதற்கு முன்னால், சத்திரத்தில் கஞ்சிக் கிண்ணங்களோடு அவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். ஓல்ட்ராய்டும் அப்போது மெலிந்த வாலிபனாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். இனி அந்தச் சத்திரம் இல்லை. அந்தக் கைப்பிடிச் சுவரில் வருஷக்கணக்காகச் சுருள்கள் உரசி வழவழப்பான இடம் இப்போதும் இருக்கிறது, தொட்டால் தெரியும், ஆனால் தொடுவதற்கு வண்டிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். ஆற்றைத் தூக்கிக்கொண்டுவந்து மண்டபத்துக்கு அடியில் ஓடவிட முடியாது. நூறு பேரின் ரகசியத்தை அத்தனை வருஷம் அது சும்மா காப்பாற்றிக் கொடுத்ததை அங்கே நின்ற ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை, அவள் உட்பட.

திங்கட்கிழமை மாலை நாற்பத்தெட்டாவது துண்டு முடிந்தது. அதை மட்டும் அவள் மற்றவற்றைவிடக் கூடுதலாக நாலு தரம் இழுத்தாள். ஈரம் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, ஓரத்தில் பிசிறாக நின்ற இரண்டு மயிரைக் கத்தரியால் நறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு ஓல்ட்ராய்டு மண்டப வாசலில் காத்திருந்தார். சுருட்டிக் கட்டிய விரிப்புகளை ஹெஸ்டர் அவர் கைகளில் வைத்தாள். அவர் மேலே இருந்த ஒன்றைப் பிரித்து, ஆள்காட்டி விரலால் ஒரு நீளக்கோடு போட்டார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். தடவி அழித்தார்.

“நாப்பத்தெட்டா?”

“நாப்பத்தேழு. எண்ணிக்குங்க.”

“இன்னொண்ணு?”

அவள் தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். மணி அடிப்பதற்கு முன் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஜேபஸ் இருபத்து மூன்றாம் பலகையில் சுருளைப் போட்டு ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் கக்கத்திலிருந்து துண்டை எடுத்து, ஒரு முனையை விடாமல் நீட்டினாள். அவன் மறுமுனையைப் பிடித்து, முதலில் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு முன்பக்கம் திருப்பி, கட்டைவிரலை மயிரின் போக்குக்கு எதிராக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாக ஓட்டினான், யாரிடம் வாங்கினாலும் செய்வதைப் போலவே. ஒரு முடிச்சும் தட்டவில்லை. அதற்குப் பிறகுதான் ஹெஸ்டர் தன் பக்கத்து முனையை விட்டாள்.